சின்னப் பழுதும் முன்பு செய்த வேலையும்: அப்ரைசலில் (வீட்டுக் கடனுக்கான மதிப்பீட்டில்) உங்களுக்கு நேர்ந்தது என்ன?

கிளீவ்லாந்து மதிப்பீட்டாளர்
எஃப்.எச்.ஏ. (அமெரிக்க அரசின் வீட்டுக்கடன் காப்பீட்டு அமைப்பு) கடனுக்கான வீடு, அதுவும் 1978-க்கு முன் கட்டியது என்றால், உரிந்த பெயிண்ட் எங்கே இருந்தாலும் அறிக்கையில் ஏறியாக வேண்டும் என்பது இங்கே அனைவருக்கும் தெரியும். பின்பக்கச் சன்னலின் கீழ்ச்சட்டத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்ட் பொருக்குத் தட்டியிருந்தது. அதை நான் படமெடுக்கக் குனிந்தபோது, கூடவே வந்த வீட்டுக்காரப் பெரியவர் என்னைச் சற்று நகர்த்திவிட்டு, கட்டைவிரல் நகத்தால் அந்தப் பொருக்கைச் சுரண்டித் தள்ளி, "இப்போது உரிந்த பெயிண்டே இல்லையே, எதை எழுதுவீர்கள்?" என்று கேட்டார். செதில்கள் சன்னலுக்குக் கீழிருந்த தக்காளிச் செடிகளின் மேல் விழுந்தன. பெயிண்டில் நஞ்சான ஈயம் இருக்கிறதா என்று சோதிப்பது என் வேலையன்று. அந்தக் காலத்து வீட்டில் இருப்பதாகவே கொள்ள வேண்டும். சட்டத்தையும் மண்ணையும் சேர்த்துப் படமெடுத்து, பழுதை நீக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன்தான் மதிப்பை எழுதினேன். ஒரு டப்பா பெயிண்டுக்காக ஒரு குடும்பத்தையே காக்க வைத்துவிட்டேன் என்று ஏஜென்ட் சொன்னதுதான் இன்னும் உறுத்துகிறது.

டல்லாஸ் மதிப்பீட்டாளர்
எனக்குப் பழுதால் வந்த தொல்லை இல்லை, முன்பு செய்த வேலையால் வந்தது. ஒரு வீட்டை விற்பனைக்குப் போடுமுன் அதன் பரப்பளவை அளந்து வரைபடம் தரும்படி ஏஜென்ட் கேட்க, அளந்து கொடுத்திருந்தேன். மதிப்பு எதுவும் சொல்லவில்லை. அதை வாங்கியவர், நான் அளந்து மூன்றாண்டு முடிவதற்குள், ரீஃபைனான்ஸுக்கு (பழைய கடனுக்குப் பதில் புதுக் கடனுக்கு) விண்ணப்பித்தபோது அந்த வேலை என்னிடமே வந்தது. முந்தைய மூன்றாண்டில் மதிப்பீட்டாளராகவோ வேறு எந்த முறையிலோ அந்தச் சொத்து தொடர்பாகச் செய்த எந்தப் பணியையும், வேலையை ஒப்புக்கொள்ளுமுன்பே சொல்ல வேண்டும் என்பது 2010 முதல் யூஸ்பேப் (அமெரிக்க மதிப்பீட்டாளர்களுக்கான நெறிமுறைத் தொகுப்பு) விதி என்பதால், ஏ.எம்.சி.க்கு (கடன் தருவோருக்காக மதிப்பீட்டு வேலைகளைப் பிரித்துக் கொடுக்கும் நிறுவனத்துக்கு) உடனே எழுதினேன். அந்தப் பெண் ஊழியர் தொலைபேசியில் அழைத்து, "சார், அளந்ததைக்கூடவா சொல்வார்கள்? நீங்கள் எழுதாமல் இருந்திருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது?" என்று உண்மையான வியப்போடு கேட்டுவிட்டு, வேலையை வேறொருவருக்கு மாற்றிவிட்டார். சொல்லிவிட்டால் பணியை ஏற்பதற்கு விதி எந்தத் தடையும் போடவில்லை. சொன்னவனுக்கு வேலை போவதும், வாயைத் திறக்காதவனுக்குக் கிடைப்பதும் என்ன நியாயம் என்றுதான் விளங்கவில்லை.

நியூஜெர்சி வீட்டு உரிமையாளர்
நீங்கள் எல்லாரும் எழுதுகிறவர்கள், நான் எழுதப்பட்டவன். சமையலறைத் தொட்டியின் அடியில் சொட்டிய தண்ணீருக்கு ஒரு எவர்சில்வர் குண்டானை வைத்திருந்தோம். ஃபேனி மே (வங்கிகளிடமிருந்து வீட்டுக் கடன்களை வாங்கும் அமெரிக்க நிறுவனம்) கடனுக்கான அறிக்கையைத் திறந்தால், அந்தக் குண்டான், பாதி நிறைந்த தண்ணீரோடு, பளபளவென்று ஒரு முழுப் படமாக இருந்தது. பக்கத்தில் சி4 என்ற நிலைக்குறியீடு (மிக நல்ல நிலை சி1, மிக மோசமானது சி6). வீட்டைப் பார்த்துப் பார்த்து வைத்திருந்த என் மனைவிக்கு அது பெரிய அவமானமாகிவிட்டது. கடன் எந்தத் தடையுமின்றிக் கிடைத்தது. அப்படியென்றால் அந்தப் படம் எதற்கு?

வட கரோலினா மதிப்பீட்டு அறிக்கைப் பரிசீலனையாளர்
நியூஜெர்சி நண்பருக்கு: குண்டானைப் படமெடுத்தவர் உங்களுக்கு நல்லதே செய்திருக்கிறார். சிறு குழாய்க் கசிவு, தேய்ந்த தரைவிரிப்பு, ஓட்டை விழுந்த கொசுவலை, கீறல் விழுந்த கண்ணாடி ஆகியவை பாதுகாப்பையும் கட்டுமான உறுதியையும் பாதிக்காதவரை, வீட்டை உள்ளபடியே மதிப்பிட ஃபேனி மே அனுமதிக்கிறது; ஆனால் அவற்றை அறிக்கையில் சொல்லியாக வேண்டும். சி4 என்பதும் வசை அன்று, சிறிது பராமரிப்புப் பாக்கி உள்ள, ஒழுங்காகக் குடியிருக்கும் வீடு என்று பொருள். பழுதை நீக்கிவிட்டு வா என்று கடனை நிறுத்துவது சி6 தான். கிளீவ்லாந்து நண்பர் ஏஜென்ட் சொன்னதற்கு வருந்த வேண்டியதில்லை, ஆனால் அதே சன்னல் எஃப்.எச்.ஏ. அல்லாத வழக்கமான கடனில் பெரும்பாலும் ஒரு வரியோடு முடிந்திருக்கும் என்பதை அந்தப் பெரியவரிடம் அங்கேயே சொல்லியிருக்கலாம். டல்லாஸ் நண்பர் சொன்ன நியாயக் கணக்கை நான் ஏற்கவில்லை. வாடிக்கையாளருக்கு மறுக்கும் உரிமை உண்டு என்பதற்காகவே முன்கூட்டிச் சொல்லச் சொல்கிறார்கள். இன்னொன்று, யாரும் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன்: மூன்றாண்டைப் பார்வையிடும் நாளிலிருந்து எண்ணாதீர்கள், வேலையை ஒப்புக்கொள்ளும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள், முதலில் சொன்னதோடு நில்லாமல் கையொப்பமிடும் சான்றுரையிலும் எழுதுங்கள், வேலையின் நடுவில் நினைவுக்கு வந்தாலும் அப்போதே தெரிவியுங்கள். முன்பு மதிப்பிட்டதையே வெளியிடுவதில்லை என்று பழைய வாடிக்கையாளரிடம் ஒப்புக்கொண்டிருந்தால், அந்த மூன்றாண்டுக்குள் புதிய வேலையை மறுப்பதைத் தவிர வேறு வழியில்லை. என் அனுபவம் என்று பார்த்தால், "பொதுவாகச் சிறு பழுதுகள் உள்ளன" என்று ஒரே வரியில் எழுதி, கைப்பிடியே இல்லாத நிலவறைப் படிக்கட்டைப் படத்தில் மட்டும் வைத்திருந்த ஓர் அறிக்கையைத் திருப்பி அனுப்பினேன், அவ்வளவுதான்.

டல்லாஸ் மதிப்பீட்டாளர்
ஐயா, மறுக்கும் உரிமையை நான் கேள்வி கேட்கவில்லை. "எழுதாமல் இருந்திருந்தால்" என்று அந்த அம்மையார் சொன்னாரே, அதற்கு உங்கள் பதிலில் ஒரு வரிகூட இல்லை.