‘லிம்’ என்ற ஆங்கில வினைச்சொல்லை எங்கே சந்தித்தீர்கள்?

மொழிபெயர்ப்புதான் என் வேலை. அமெரிக்க நாவலாசிரியர் டோனி மாரிசனின் 1993 நோபல் உரையில் ஒரு வரி என்னை நிறுத்திவிட்டது. ஒரு மொழியைப் பேசுகிறவர்கள், படிக்கிறவர்கள், எழுதுகிறவர்கள் வாழும் வாழ்வையும் கற்பனை வாழ்வையும் வாழக்கூடிய வாழ்வையும் ‘லிம்’ செய்ய முடிவதில்தான் அதன் உயிர்ப்பு இருக்கிறது என்கிறார். எல், ஐ, எம், என் என நாலே எழுத்து. கடைசி ‘என்’ ஒலிக்காது. அது தெரியாமல் பல வருடம் ‘லிம்ன்’ என்றே வாய்க்குள் படித்துவந்தேன்.

அகராதியில் ‘சித்திரி, விவரி’ என்றிருந்தது. ‘சித்திரிக்கும்’ என்று போட்டுப் பார்த்தேன், வரி சப்பென்று ஆகிவிட்டது. பிறகுதான் வேரைத் தேடினேன். லத்தீனில் ‘லூமென்’ என்றால் ஒளி. கையெழுத்துப் பிரதிகளின் முதலெழுத்தையும் ஓரங்களையும் பொன்னும் வண்ணமும் இட்டு ஒளிரச் செய்வதற்குத்தான் முதலில் இந்த வினை. செய்தவர் ‘லிம்னர்’, இதில் ‘என்’ ஒலிக்கும். பின்னாளில் உள்ளங்கையில் அடங்கும் உருவப்படம் தீட்டியவர்களுக்கும் அதே பெயர். முதலாம் எலிசபெத்தை வரைந்த நிக்கலஸ் ஹில்லியார்டு அப்படி ஒருவர். அந்தப் பொன்துகள் ‘விவரி’யில் ஏது?

நெடுநல்வாடைதான் கை கொடுத்தது. தலைவனைப் பிரிந்த அரசி ‘புனையா ஓவியம் கடுப்ப’ இருக்கிறாள், அதாவது வண்ணம் தீட்டாத ஓவியம் போல. புனை! ஓவியத்துக்கும் பாட்டுக்கும் மாலைக்கும் ஒரே வினை. துள்ளிக் குதித்தேன். ஆனால் இன்று ‘புனைந்தான்’ என்றால் இட்டுக்கட்டினான் என்றும் ஆகிவிடுகிறது. மாரிசனோ நிஜ வாழ்வையும் சேர்த்தே சொல்கிறார். மனசில்லாமல் அதை எடுத்துவிட்டு ‘தீட்டிக் காட்டும்’ என்று வைத்தேன்.

—

நீங்கள் ‘புனை’யை விட்டது எனக்கும் வருத்தம்தான், ஆனால் சரியான முடிவு. நான் பத்திரிகையில் தலைப்பு எழுதுகிறவன். 2010-இல் அமெரிக்காவின் பால்ட்டிமோர் சன் நாளிதழ் முதல் பக்கத் தலைப்பிலேயே ‘லிம்’மைப் போட்டது. புரியாத சொல்லை வைத்து மேதாவித்தனம் காட்டுவதா என்று வாசகர்கள் கோபப்பட்டார்கள். எனக்கு அவர்கள் பக்கம்தான் நியாயம். தலைப்பு ஓடுகிற ஓட்டத்தில் படிப்பது.

நாவலில் அதே சொல் வந்தால் ஆசையாக நின்று படிப்பேன். அங்கே பெரும்பாலும் விளிம்பில்தான் வரும்: விளக்குக்கு முன்னால் ஒருத்தி நிற்கிறாள், முகம் இருட்டில், காதோரத்து முடியில் மட்டும் ஒளிக்கோடு. அந்தக் கோட்டைப் போடுவதற்குத்தான் ‘லிம்’. தமிழில் அந்த இடத்துக்கு ‘கோட்டிட்டது’ என்று எழுதிப் பார்த்தேன், ஒளி வரவில்லை. ‘ஒளி விளிம்பு கட்டியது’ என்பது வரை வந்திருக்கிறேன்.