வீட்டில் பிட்காயின் மைனிங்: வாங்கும் முன் தெரிய வேண்டியவை

கேள்வி: மைனிங் (மெஷினில் கணக்குப் போட்டுப் புதிய பிட்காயின் சம்பாதிப்பது) பற்றி இப்போதுதான் படிக்க ஆரம்பித்திருக்கிறேன். கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கம்ப்யூட்டர் போதுமா, தனி மெஷின் வேண்டுமா? கரண்ட் பில் போக மாதம் ஏதாவது நிற்குமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

—

கிராஃபிக்ஸ் கார்டை மறந்துவிடுங்கள். அதற்கு வேலை கொடுத்துவந்தது எத்தீரியம் என்ற இன்னொரு கிரிப்டோ. 2022 செப்டம்பர் 15 அன்று அது மைனிங்கையே கைவிட்டது. பிட்காயினுக்கு ஏசிக் மெஷின்தான், அதாவது அந்த ஒரே கணக்குக்காகச் செய்த சிப் உள்ளது.

ஆண்ட்மைனர் எஸ்21-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். வேகம் 200 டெராஹாஷ், அதாவது நொடிக்கு 200 லட்சம் கோடி முயற்சி. இழுப்பது 3,500 வாட். ஒரு நாளைக்கு 84 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தாலே 672 ரூபாய். வரவைப் பார்ப்போம். பரிமாற்றங்களைத் தொகுத்துப் பதியும் பக்கம்தான் பிளாக், அதற்கான கணக்கை முதலில் முடித்தவருக்குப் பரிசு. 2024 ஏப்ரலுக்குப் பிறகு ஒரு பிளாக்குக்கு 3.125 பிட்காயின், நாளைக்கு சுமார் 144 பிளாக், ஆக 450 பிட்காயின். உலகம் முழுக்க ஓடும் மெஷின்களின் வேகம் 1,000 எக்ஸாஹாஷ் (ஒரு எக்ஸாஹாஷ் என்பது 10 லட்சம் டெராஹாஷ்) என்றால் உங்கள் பங்கு நாளைக்கு 0.00009 பிட்காயின். அதாவது ஒரு பிட்காயின் சுமார் 75 லட்சம் ரூபாய்க்கு விற்றால்தான் கரண்டுக்கே கட்டும். மெஷின் விலை, பூல் (பலர் சேர்ந்து மைனிங் செய்து வரவைப் பங்கிடும் குழு) கட்டணம் எல்லாம் அதற்கு மேல். இந்தியாவில் 30 சதவீத வரியும் உண்டு. மைனிங் மெஷினுக்கான செலவை அதில் கழிக்க முடியாது என்று 2022-லேயே நாடாளுமன்றத்தில் சொல்லிவிட்டார்கள்.

எந்த மெஷினைப் பார்த்தாலும் முதலில் ஒரு டெராஹாஷுக்கு எத்தனை ஜூல் மின்சாரம் என்று பாருங்கள், குறைந்தால் நல்லது. எஸ்21-க்கு 17.5. மலிவாகக் கிடைக்கும் பழைய எஸ்9-க்கு 100-ஐ ஒட்டி வரும். விலையில் மிச்சம் பிடித்ததை கரண்ட் பில் விழுங்கிவிடும்.

—

மேலே உள்ள கணக்கோடு வயரிங்கையும் சேர்க்க வேண்டும். 3,500 வாட் என்றால் 230 வோல்ட்டில் 15.2 ஆம்ப். வீட்டு பவர் சாக்கெட்டில் 16 ஆம்ப் என்று போட்டிருக்கிறதே என்று செருகினால், சில நாளில் பின் கருகும். கீசர் கொஞ்ச நேரம் ஓடி நின்றுவிடும். மைனிங் மெஷின் இரவு பகலாக நிற்காது. சூட்டில் சாக்கெட்டின் உள்ளே இருக்கும் பிடி தளரும், தளர்ந்த இடம் இன்னும் சூடாகும். டிபி பாக்ஸிலிருந்து தனி லைன், 4 ஸ்கொயர் எம்எம் காப்பர் வயர், 20 ஆம்ப் எம்சிபி, இண்டஸ்ட்ரியல் சாக்கெட், சரியான எர்த். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது.

உள்ளே போகும் 3,500 வாட்டும் வெப்பமாகத்தான் வெளியே வரும். ஒரு டன் ஏசி முழு மூச்சில் வெளியேற்றும் வெப்பமும் அவ்வளவுதான். அதனால் ஏசி போட்டு சமாளிக்கப் பார்க்காதீர்கள். பின்பக்கச் சூட்டுக்காற்றை டக்ட் வைத்து நேராக வெளியே தள்ளுங்கள். தள்ளிய காற்று திரும்ப முன்பக்கம் வந்தால் சிப் சூடேறி மெஷின் தானாக நிற்கும். சத்தம் 75 டெசிபல் வரை போகும், படுக்கையறைப் பக்கமே வைக்க முடியாது. 2009 ஜனவரியில் பிட்காயினை ஓட்டிப் பார்த்த ஹால் ஃபின்னியே, கம்ப்யூட்டர் சூடாகிறது, ஃபேன் சத்தம் தொல்லை என்று நிறுத்தியவர். அது சாதாரணக் கம்ப்யூட்டர்!

—

மெஷினே வேண்டாம், பணம் கட்டினால் நாங்கள் மைனிங் செய்து தருகிறோம் என்று வருபவர்களிடம் மிகவும் கவனம். எஸ்டோனியாவின் ஹாஷ்ஃபிளேர் அப்படித்தான் 57 கோடி டாலருக்கு மேல் விற்றது. சொன்ன மைனிங் திறனில் ஒரு சதவீதம்கூட அவர்களிடம் இருக்கவில்லை. நிறுவியவர்கள் 2025-இல் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். நிலையான மாத வருமானம் என்று யார் சொன்னாலும் அங்கேயே நிறுத்துங்கள். பிளாக் கிடைப்பதில் நிலையானது எதுவும் இல்லை.

மெஷினை வேறு இடத்தில் வைத்து ஓட்டக் கொடுப்பதானால், பூல் கணக்கு உங்களுடையதாக, பணம் சேரும் முகவரி உங்கள் வேலட்டாக (பிட்காயினை வைத்திருக்கும் ஆப் அல்லது கருவி) இருக்க வேண்டும். வேலட்டை மீட்கும் 12 அல்லது 24 ரகசியச் சொற்களை எவரும் கேட்கக்கூடாது, உதவி செய்ய வந்தவரும்கூட. போனில் மைனிங் செய்யும் ஆப்களை 2018-லேயே கூகுள் பிளே தடைசெய்துவிட்டது.

—

கற்றுக்கொள்வதுதான் நோக்கம் என்றால் பிட்ஆக்ஸ் காமா என்ற சின்ன மைனிங் மெஷின் போதும். ஒரே சிப், சுமார் 1.2 டெராஹாஷ், 17 வாட்டை ஒட்டி. மாதம் 12, 13 யூனிட். இதற்கு 5 வோல்ட் அடாப்டர்தான் போட வேண்டும். பின் பொருந்துகிறதே என்று ரூட்டரின் 12 வோல்ட் அடாப்டரைச் செருகினால் போர்டு அந்த நொடியே போய்விடும். ஆன் செய்ததும் அதுவே ஒரு வைஃபை காட்டும். போனில் அதில் சேர்ந்து வீட்டு வைஃபை விவரம் கொடுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே எடுக்கும், 5-ல் தேடினால் கிடைக்காது. பிறகு பூல் முகவரி, போர்ட் எண். சோலோ பூலில் (பங்கு பிரிக்காமல், பிளாக் கண்டவருக்கே பரிசைத் தருவது) யூசர் பெயர் இடத்தில் உங்கள் பிட்காயின் முகவரி. அது வேறொருவர் முகவரியாக இருந்தால் பிளாக் கிடைத்துப் பயனில்லை, ஒட்டியபின் முதல் ஆறு, கடைசி ஆறு எழுத்துகளைச் சரிபாருங்கள். சிப் சூடு 60, 65 டிகிரிக்குள் இருக்கட்டும். மே மாதத்தில் சிப்பின் அதிர்வெண்ணை (வேகத்தை) குறைத்தே ஓட்டுங்கள்.

அதே 1,000 எக்ஸாஹாஷ் கணக்கில், இதற்கு ஒரு பிளாக் கிடைக்க சராசரியாக 15,800 ஆண்டு ஆகும். திரையில் 'பெஸ்ட் டிஃப்' (இதுவரை கிடைத்ததில் சிறந்த முயற்சியின் மதிப்பு) 1ஜி, அதாவது 100 கோடி, என்று வந்ததும் நெருங்கிவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். பிளாக்குக்குத் தேவைப்படுவது 100டி-க்கு, அதாவது 100 லட்சம் கோடிக்கு, மேல். 1ஜி அதில் லட்சத்தில் ஒரு பங்கு.