மருந்துவாழ் மலையா, சிதறாலா? அப்பாவையும் கூட்டிட்டுப் போணும்

பார்வதிபுரம்_பையன்:
எல்லாருக்கும் வணக்கம். வீடு நாகர்கோவில்ல, வேலை சென்னைல. லீவுக்கு வந்தா திற்பரப்பு, விவேகானந்தர் பாறைன்னு அதே ரவுண்டு தான். இந்த தடவை கொஞ்சம் நடக்கணும், நடக்குற வழியிலயே பாக்குறதுக்கும் ஏதாவது இருக்கணும். அப்பா நானும் வாறேன்னு நிக்காரு, வயசு 64, முட்டுவலி உண்டு, சொன்னா கேக்க மாட்டாரு. பத்து வயசு மகளும் உண்டு. ஜனவரில வாறோம். எந்த மலைக்குப் போலாம்?

பொத்தையடி_மாமா:
மக்கா, மருந்துவாழ் மலை எங்க மொட்டைமாடில நின்னா தெரியும், அதனால நான் ஒருபக்கமாத்தான் பேசுவேன் கேட்டியா. அனுமார் சஞ்சீவி மலைய தூக்கிட்டுப் போகும்போ ஒரு துண்டு இங்க விழுந்துன்னு கதை, மேற்குத் தொடர்ச்சி மலை தெக்க வந்து முடியப்போற இடம். கீழ ஜோதிலிங்கேஸ்வரர் கோயில் பக்கத்துல இருந்து படி ஏறுது, கொஞ்ச தூரத்துக்கு சொகமா போலாம், அதுக்கு மேல பாறை தான், அங்க தான் முட்டு பேசும். மேல பிள்ளைத்தடம் குகை இருக்கு, கேரளத்துத் துறவி நாராயண குரு தவம் இருந்த இடம், உள்ள குனிஞ்சு தான் போணும். அதுக்கும் மேல உச்சிக்கு ஏறிட்டா ஒரு பக்கம் கன்னியாகுமரி கடலு, இன்னொரு பக்கம் சுசீந்திரம் கோபுரம், வயலு, தென்னந்தோப்பு, அங்கோட்டு ஆரல்வாய்மொழி பக்கம் கரண்டு எடுக்குத காத்தாடி வரிசை. திருக்கார்த்திகைக்கு உச்சியில தீபம் ஏத்துவாங்க. வெளுக்கதுக்கு முன்னயே ஏறத் தொடங்கிருங்க, வெயில் ஏறிட்டா பாறை சுடும். கையில பிளாஸ்டிக் கவர் ஆட்டிட்டு போகாதீங்க, குரங்கு பிடுங்கிரும். அப்புறம் மூலிகைன்னு சொல்லி வேரோட பிடுங்குத கூட்டம் ஒண்ணு வருது, அதுக்கும் குரங்குக்கும் என்ன வித்தியாசம்னு எனக்கு தெரியல.

குழித்துறை_கொச்சு:
மாமா சொன்னது எல்லாம் சரி தான் ஆனா முட்டுவலிக்காரருக்கு அந்த பாறை வேண்டாம் அண்ணா. சிதறாலுக்கு வாங்க, மார்த்தாண்டத்துல இருந்து 7 கிலோமீட்டர் போல தான் வரும். கல்லு பாவின வழி, ரெண்டு பக்கமும் மரம், அப்பா பைய இருந்து இருந்து ஏறலாம். மேல சமணத் துறவிங்க தங்கின பள்ளி, பழைய பேரு திருச்சாரணத்து மலை. ஒரு பெரிய பாறை முன்னால சாஞ்சு நிக்கும், அதுக்கு அடியில கோயிலு, அந்த பாறை முகத்துல வரிசையா சமணர் கும்பிடுத தீர்த்தங்கரர் சிலை செதுக்கியிருக்கு. மகள்கிட்ட தலைக்கு மேல பாம்பு படம் எடுக்குத ஆள் யாருன்னு தேடச் சொல்லுங்க, அவரு பார்சுவநாதர். சிங்கத்தோடயும் பிள்ளைகளோடயும் நிக்குதது அம்பிகா, சமணரோட பெண் தெய்வம். எனக்கு ரொம்ப பிடிச்சது அங்க உள்ள ஒரு கல்வெட்டு தான், அந்தக் காலத்துல இந்தப் பக்கம் ஆண்ட ஆய் வம்சத்து மன்னன் விக்கிரமாதித்த வரகுணனோட 28-ஆம் ஆட்சி ஆண்டுல குணந்தாங்கி குரத்திகள்னு ஒரு பெண் துறவி இங்க உள்ள தேவிக்கு பொன் நகை குடுத்திருக்காங்க. ஆயிரம் வருஷத்துக்கு மேல பழைய சங்கதி, பேரு இன்னும் கல்லுல இருக்கு பாருங்க. பிறகு இது பகவதி கோயிலாயிட்டு. தண்ணி கையில கொண்டு போங்க, மேல கடை கிடையாது.

பார்வதிபுரம்_பையன்:
சூப்பர், ரொம்ப தேங்க்ஸ். அப்ப ஒரே நாள்ல ரெண்டும் முடிச்சிரலாமா? காலைல மருந்துவாழ், சாயங்காலம் சிதறால்?

தேரூர்_குளத்தங்கரை:
எதுக்கு வோய் இந்த ஓட்டம், ரெண்டும் ஜில்லாவோட ரெண்டு அற்றம், மார்த்தாண்டம் டிராபிக்ல பாதி நாள் போயிரும். அப்பாவுக்கு சிதறால் ஒரு நாள். இன்னொரு நாள் வெளுப்புக்கு நீங்க மட்டும் மருந்துவாழ் ஏறி இறங்கிட்டு, அப்பாவையும் மகளையும் நேரா தேரூர் குளத்துக்கு வரச் சொல்லுங்க. ஜனவரின்னா வெளியூர் பறவை எல்லாம் இருக்கும், மஞ்சமூக்கு நாரை கரையில நின்னாலே தெரியும், பைனாகுலர் இருந்தா இன்னும் நல்லது. சுசீந்திரம் தேரூர் குளங்கள 2022-ல ராம்சார் பட்டியல்ல, அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட பட்டியல்ல, சேத்தாச்சு. ஒன்பது மணிக்குள்ள வந்துருங்க, பிறகு வண்டிச் சத்தத்துல பறவை உள்ள தள்ளிப் போயிரும்.

பொத்தையடி_மாமா:
இது நல்ல யோசனை. ஆனா அப்பா மலை அடிவாரம் வரைக்கும் வந்துட்டாருன்னா ஏறாம இருக்க மாட்டாரு, நான் பாத்திருக்கேன் இந்த மாதிரி ஆளுகள. அவர நேரா குளத்துக்கே விட்டுருங்க.