வேடந்தாங்கல் பறவைகளுக்கு எந்த லென்ஸ் வாங்கலாம்?

வணக்கம் நண்பர்களே. என்னிடம் கேனான் 1500டி கேமராவும் 18-55, 55-250 லென்ஸ்களும் இருக்கின்றன. வேடந்தாங்கலில் பறவைகளை எடுப்பதற்காகவே ஒரு லென்ஸ் வாங்கப் போகிறேன். செகண்ட் ஹேண்ட் என்றாலும் சரி.

அங்கே கூடுகள் எல்லாம் ஏரிக்குள் நிற்கும் மரங்களில். நாம் கரையில்தான் நிற்க முடியும். என் கேமராவில் இருப்பது ஏபிஎஸ்-சி என்ற சிறிய சென்சார்; அதன் 1.6 மடங்குக் கணக்கில் 250 மி.மீ. லென்ஸ் 400 மி.மீ. கோணத்தைத் தருகிறது. அப்படியும் நத்தைகுத்தி நாரை சின்னதாகத்தான் விழுகிறது. கிராப் செய்தால் இறகின் நுணுக்கமெல்லாம் போய்விடுகிறது. 55-250இல் கேனான் எக்ஸ்டெண்டர் (லென்ஸின் எட்டத்தைக் கூட்டும் இணைப்பு) பொருந்தாது, அதனால் அந்த வழியும் இல்லை.

இரண்டு லென்ஸ்களைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று கேனான் 400 மி.மீ. எஃப் 5.6 எல். எடை 1.25 கிலோதான், பறக்கும் பறவையைக் கையிலேயே பிடித்துத் தொடரலாம். ஆனால் ஸ்டெபிலைசேஷன் (கை நடுக்கத்தைச் சமன்செய்யும் வசதி) கிடையாது, ஜூமும் இல்லை. மற்றது சிக்மா 150-600 கன்டெம்பரரி. இதில் இரண்டும் உண்டு. ஆனால் எடை சுமார் 1.9 கிலோ, 600 மி.மீ.இல் எஃப் 6.3தான், அதாவது வெளிச்சம் கொஞ்சம் குறைவாகவே உள்ளே வரும். கூட்டில் குஞ்சுக்கு இரை ஊட்டுவதை நெருக்கமாக எடுக்க வேண்டும் என்பதுதான் என் பெரிய ஆசை, அதனால் மனம் சிக்மா பக்கம் சாய்கிறது.

1500டியில் சிக்மாவைப் பயன்படுத்தியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? 600இல் ஃபோகஸ் வேகமாகப் பிடிக்கிறதா? மாலை வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) எவ்வளவு வரை ஏற்றுகிறீர்கள்? மோனோபாட் (ஒற்றைக்கால் தாங்கி) போதுமா, ட்ரைபாட் வேண்டுமா? அப்புறம், பழைய லென்ஸ் வாங்கும்போது பூஞ்சை தவிர வேறு எதைச் சோதிக்க வேண்டும்? நீங்கள் எடுத்த படங்கள் இருந்தால் செட்டிங்ஸோடு பகிருங்கள்.