ஓடையைக் கலக்குவது தோட்ட மண்ணா, சாலை மண்ணா?

நீலகிரி மாவட்டம் கேத்தி ஊர்ப் பள்ளி ஆசிரியர்:
எங்கள் பள்ளிக்குப் பின்னால் ஓடும் ஓடை, மழை பெய்தால் செம்மண் கரைசலாகிவிடுகிறது. மேற்புறத்தில் கேரட், உருளைக்கிழங்குத் தோட்டங்கள் உள்ளன; அண்மையில் மலையை வெட்டி அகலப்படுத்திய சாலையும் இருக்கிறது. ஊரார் விவசாயிகளை மட்டுமே குறை கூறுகின்றனர். பள்ளி மாணவர்களைக் கொண்டு இதை முறையாக ஆராய இயலுமா?

ஓய்வுபெற்ற மண்வள அலுவலர்:
இயலும். தோட்ட வடிகால் ஓடையில் சேரும் இடத்திற்குச் சற்று மேலேயும் கீழேயும், சாலை வடிகால் சேரும் இடத்தில் அதே போலவும், கூடியவரை ஒரே நேரத்தில் நீர் எடுங்கள். மலை ஓடைகளில் ஆண்டு முழுவதும் அடித்துச் செல்லப்படும் மண்ணில் பெரும்பகுதி ஒரு சில கனமழைகளிலேயே போய்விடுவதாலும், நீர்மட்டம் ஏறிக்கொண்டிருக்கும்போதே கலங்கல் பெரும்பாலும் உச்சத்தைத் தொட்டுவிடுவதாலும், மழை ஓய்ந்த மறுநாள் எடுக்கும் நீரை வைத்து யாரையும் குற்றம் சாட்ட முடியாது. ஆனால் மாணவர்களை ஓடையில் இறக்காதீர்கள். பாலத்தில் நின்று, கயிறு கட்டிய வாளியால் பெரியவர்களே எடுக்கட்டும்.

ஒரு லிட்டர் நீரை, முன்பே எடை பார்த்த வடிதாளில் வடித்து, நன்கு உலர்த்தி மீண்டும் எடை போட்டால், லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் மண் என்பது தெரியும். ஆய்வகங்களில் 103 முதல் 105 டிகிரி செல்சியஸில் உலர்த்துவார்கள். நிறத்தைப் பார்த்து மட்டும் முடிவு செய்ய வேண்டாம்; இங்கே தோட்டத்திலும் செம்மண், சாலைக்காக வெட்டிய இடத்திலும் செம்மண்.

கேரட் விவசாயி:
ஒன்றை ஆசிரியர் விட்டுவிட்டார். மழையே இல்லாத நாளில் ஓடை கலங்கினால், அருகில் கேரட் கழுவும் இயந்திரம் ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். மேட்டுப்பாளையம் மண்டிக்கு அனுப்பும் முன் கழுவும் நீர், தொட்டியில் தேங்காமல் நேரே ஓடைக்குப் போகும் இடங்கள் உண்டு. இது எங்கள் தரப்புக் குறைதான். ஆனால் சாலைச் சரிவில் புல்கூட நடாமல் விட்டவர்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

நீர்வாழ் உயிரின ஆய்வு மாணவி:
கோடையில், நீர் குறைவாக இருக்கும்போது, கற்களைப் புரட்டிப் பார்ப்பதும் உதவும். நுண்மண் கல் இடுக்குகளை அடைத்துவிட்டால் கல் இடுக்குகளில் வாழும் கல்லீ (stonefly) போன்ற பூச்சிகளின் இளம்புழுக்கள் குறைந்து, சேற்றில் வாழும் மண்புழு இனங்கள் மிகும். ஆனால் மண் எங்கிருந்து வந்தது என்பதை இது காட்டாது. அதற்கு, மண்ணில் உள்ள சீசியம் 137 என்ற கதிரியக்கப் பொருளை அளக்கும் முறை உண்டு. பல பத்தாண்டுகளுக்கு முந்தைய அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் பரவிய இது மேல்மண்ணிலேயே பெரிதும் தங்கியிருப்பதால், ஆழமாக வெட்டிய சாலை மண்ணில் மிகக் குறைவு. இது பள்ளியில் நடவாது. பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்றை அணுக வேண்டும்.