மதுரையில் நடக்கும் க்ரைம் நாவலுக்கு உதவி வேண்டும்

வணக்கம். க்ரைம் நாவல் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கணக்கு எழுதும் செல்விக்கும், அடகுக்கடையில் வேலை பார்க்கும் ஜெனிக்கும் காதல். ஒரு ராத்திரி மல்லிகை மூட்டைக்குள் நகைப் பொட்டலம் ஒன்று செல்வியிடம் சிக்குகிறது. பூவின் ஈரம் காயாத வளையலை உரசுகல்லில் தேய்த்ததுமே ஜெனிக்கு முகம் வெளிறிவிடுகிறது. போன மாதம் கொலையான ஒரு வாடிக்கைக்கார அம்மாவுக்கு அவளே எடைபோட்டுக் கொடுத்த வளையல் அது.

மார்க்கெட்டில் வேலை பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? ராத்திரி லோடு எத்தனை மணிக்கு இறங்கும்? மூட்டையை முதலில் பிரிப்பது யார்?

அப்புறம், செல்வியைக் காணவில்லை என்று அவள் அப்பா புகார் கொடுக்கிறார். ஒருவரையொருவர் காதலித்து மதுரையிலிருந்து சென்னைக்குப் போன இரு பெண்களின் வழக்கில் 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம், விருப்பத்தோடு சேர்ந்திருக்கும் வயதுவந்தவர்கள் என்றால் வாக்குமூலம் வாங்கிக்கொண்டு புகாரை முடிக்க வேண்டும், தொல்லை தரக் கூடாது என்றது. ஸ்டேஷனில் நிஜமாகவே அப்படித்தான் நடக்கிறதா? வக்கீல்கள் சொன்னால் பெரிய உதவி.

இப்படிக் காதலிக்கும் பெண்கள் யாராவது இரண்டு அத்தியாயம் படித்து, பொய்யாகத் தெரியும் இடங்களைச் சொல்வீர்களா? கடைசியில் இருவரையும் சாகடிக்க மாட்டேன். அதில் உறுதியாக இருக்கிறேன்.