அறிக்கை, செய்திமடல் அச்சடிப்பை யாழ் கச்சேரியும் (மாவட்டச் செயலகமும்) பிரதேச செயலகங்களும் நிறுத்தலாமா?

வழுக்கையாறு:
யாழ் மாவட்டத்தில் 15 பிரதேச செயலகங்கள், 435 கிராம அலுவலர் பிரிவுகள். இவற்றை வைத்து வெளிவருவன மூன்று: புள்ளிவிபரக் கையேடு, செயலாற்றுகை அறிக்கை, செய்திமடல். மூன்றையும் அச்சடிப்பதை நிறுத்திவிட்டு எக்செல் கோப்பாக இணையத்தில் போட்டால் போதும் என்பது என் நிலைப்பாடு. செய்திமடலின் பெரும்பகுதி படங்கள். மங்கல விளக்கு, நாடா வெட்டு, பொன்னாடை. படத்தில் திறந்து வைத்த வீதி எத்தனை மீற்றர், மதிப்பீடு எவ்வளவு, எந்த மாதம் முடிந்தது என்று தேடினால் ஒரு வரி இல்லை. வழவழப்புத் தாளும் நான்கு நிறமும் பொதுப்பணம். அந்தப் பணத்துக்கு மக்கள் கையில் எண்கள் கிடைக்க வேணும்.

செம்பாட்டான்:
அண்ணை, செய்திமடலைத் திருத்தச் சொன்னால் முழுச் சம்மதம். நிறுத்தச் சொன்னால் சம்மதம் இல்லை. அலுவலகத் தளத்தைப் புது வடிவத்துக்கு மாத்தினால் பழைய இணைப்புகள் உடைஞ்சு போகும். பதிவிறக்கப் பக்கத்தில கடைசி இரண்டு மூண்டு வருசம்தான் மிஞ்சும். அச்சுப் புத்தகம் நூலகத்தில இருந்தால் ஆர் வேணுமெண்டாலும் எடுத்துப் பார்க்கலாம்.

இன்னொண்டு, அடிக்குறிப்பு. 1981 தொகைமதிப்பில் (சனத்தொகைக் கணக்கெடுப்பில்) யாழ் மாவட்டம் 830,552 பேர். 2012 எண்ணிக்கையோட அதை நேரே ஒப்பிட்டால் பிழைக்கும். கிளிநொச்சி 1984 இல்தான் தனி மாவட்டம் ஆனது. அந்தப் பகுதியின் 91,764 பேரைக் கழிச்சால் இன்றைய யாழ் மாவட்ட எல்லைக்கு 738,788. இடையில 1991 இல் கணக்கெடுப்பே இல்லை, 2001 இல் வடக்கில் முழுமையாக நடக்கவில்லை. அச்சுப் புத்தகத்தில இதெல்லாம் அட்டவணைக்குக் கீழ சின்ன எழுத்தில இருக்கும். எக்செலுக்கு மாத்தும்போது முதலில விழுந்துபோவது அந்தச் சின்ன எழுத்துத்தான்.

வழுக்கையாறு:
அடிக்குறிப்புக்கு எக்செலில் தனித் தாள் போடலாம், அது தீராத பிரச்சினை இல்லை. நூலகத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேணும். 1981 யூனில் எங்கள் யாழ் நூலகம் எரிக்கப்பட்டதைப் பார்த்த ஊர் இது. ஒரே இடத்தில் ஒரே பிரதி இருந்தால் என்ன ஆகும் என்று எங்களுக்கு ஒருவரும் படிப்பிக்கத் தேவையில்லை. கோப்பென்றால் நூறு பேர் நூறு இடத்தில் வைத்திருக்கலாம்.

ஒருங்குறி:
தாளா திரையா என்று இரண்டு பேரும் அடிபடுகிறீர்கள். இப்போது இணையத்தில் கிடக்கிற கோப்புகள் எந்த நிலையில் இருக்கின்றன என்று முதலில் பாருங்கள்.

பிடிஎப்பைத் திறந்து ஒரு சொல்லைத் தெரிவு செய்து நோட்பாட்டில் ஒட்டுங்கள். தமிழாகவே வந்தால் ஒருங்குறி (யூனிகோட்), பிரச்சினை குறைவு. ஆங்கில எழுத்தாக வந்தால் பாமினி என்ற பழைய எழுத்துரு. தெரிவே செய்ய முடியாவிட்டால் அது ஸ்கான் பண்ணிய படம். பாமினியில் கண்ணுக்கு 'யாழ்ப்பாணம்' என்று தெரிவது கணினிக்கு ஏ, எச், ஓ, அரைப்புள்ளி, ஜி, அரைப்புள்ளி என்று போகிற ஆங்கில எழுத்துச் சரம். ஆகவே கூகிளில் தமிழில் தேடினால் அந்த அறிக்கை வராது. வெளியிட்டார்கள், ஆனால் ஒருவருக்கும் அகப்படாது.

சரி, எழுத்துரு மாற்றி மென்பொருள் மூலம் ஒருங்குறிக்குக் கொண்டுவரலாம் என்பார்கள். முழுக் கோப்பையும் ஒரேயடியாக மாற்றினால், உண்மையாகவே ஆங்கிலத்தில் இருந்ததும் தமிழாகிவிடும். கிராம அலுவலர் பிரிவு இலக்கத்தில் வரும் ஆங்கில ஜே எழுத்து 'து' ஆகும், சாய்கோடு 'ஃ' ஆகும். ஜே/101 என்றது 'துஃ101' என்று நிற்கும். பாடசாலைப் பெயர்களுக்கு முன்னால் 'யாஃ' என்று இணையம் முழுக்கக் கிடப்பதும் இதே கோளாறுதான், அது 'யா/' ஆக இருந்தது. பிரிவு இலக்கம் கெட்டால் இரண்டு வருட அட்டவணைகளை இணைக்கவே முடியாது. தமிழ் நிரல்களை மட்டும் தனியே எடுத்து மாற்றுங்கள், இலக்க நிரலைத் தொடாதீர்கள்.

ஸ்கான் என்றால் 300 டிபிஐக்குக் குறையக் கூடாது. படத்திலிருந்து எழுத்தை வாசிக்கும் எழுத்துணரி (ஓசிஆர்) 3 ஐ 8 ஆகவும் 1 ஐ 7 ஆகவும் வாசிக்கும். நிரலைக் கூட்டி அச்சிலுள்ள மொத்தத்தோடு சரிபார்க்காமல் ஒரு எண்ணையும் பாவிக்க வேண்டாம்.

செம்பாட்டான்:
அப்ப அச்சில உள்ள மொத்தம்தான் கடைசியில் உரைகல் எண்டு நீங்களே சொல்லுறீங்கள்.

ஒருங்குறி:
ஸ்கானுக்கு மட்டும். அறிக்கை பிறப்பதே எக்செலில்தானே. அதை அச்சடித்து, ஸ்கான் பண்ணி, படமாக ஏற்றுவதில்தான் எல்லாக் கேடும் தொடங்குகிறது. மூலக் கோப்பைத் தந்தால் இந்த வேலை ஒன்றும் இல்லை.

கணக்குப்பிள்ளை:
கோப்பு நல்லாய் இருந்தாலும், எந்த அட்டவணையைப் பார்ப்பது என்று தெரிய வேணும். செய்திமடலில் '98 வீதம் முன்னேற்றம்' என்று வந்தால் உடனே நம்ப வேண்டாம். செயலாற்றுகை அறிக்கையின் 3 ஆம் அத்தியாயம் நிதி. அங்கே ஆரம்ப ஒதுக்கீடு, இறுதி ஒதுக்கீடு, உண்மைச் செலவு என்று மூன்று நிரல். வீதம் கணிப்பது இறுதி ஒதுக்கீட்டின் மேல். 100 இலட்சம் ஒதுக்கி, நடுவில் 60 ஆகக் குறைத்து, 59 செலவழித்தால் 98 வீதம். ஆரம்பத்தில் ஊருக்குச் சொன்ன 100 இல் பார்த்தால் 59.

அடுத்தது அரச நிதி விதியான நிதிப்பிரமாணம் 208 இன் கீழ் வரும் அட்டவணை. வேறு அமைச்சுகளும் திணைக்களங்களும் கச்சேரியை முகவராக வைத்துச் செலவழிக்கும் பணம் அங்கேதான் நிற்கும். வீடமைப்பு, வீதி, வாழ்வாதாரம் என்று ஊரில் காணும் வேலைகளில் கனக்க இதற்குள் வரும். கச்சேரியின் சொந்தச் செலவுத் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு 'மாவட்டத்துக்கு இவ்வளவுதான் வந்தது' என்று எழுதுவது பிழை.

டிசெம்பரில் வேலை முடிந்தும் திறைசேரியிலிருந்து கட்டுநிதி (செலவுக்கு விடும் காசு) வராவிட்டால் பட்டியல் (பில்) அடுத்த ஆண்டு ஒதுக்கீட்டில் போகும். செலவு நிரலில் அந்த வேலை இராது, கொடுக்க மிஞ்சிய காசைக் காட்டும் பொறுப்புகள் கூற்றில்தான் இருக்கும். வேலை நடக்கவில்லை என்று கிராம அபிவிருத்திச் சங்கத்தோடு சண்டை பிடிக்க முன்னம் அதைப் பாருங்கள்.

வழுக்கையாறு:
இதைத்தான் நானும் கேட்கிறேன். இந்த மூன்று நிரலையும் செய்திமடல் ஏன் சொல்வதில்லை? 2018 ஒக்டோபரில் வட மாகாண சபையின் காலம் முடிந்தது. அதன் பின் மாகாணத் திணைக்களங்களை எழுந்து நின்று கேள்வி கேட்கச் சபை இல்லாமல் வருடங்கள் ஓடின. அந்த இடத்தில் மக்களுக்கு இருந்தது அறிக்கை ஒன்றுதான்.

நெல் எண்களும் இப்படித்தான். இங்கே மழையை நம்பிய காலபோகம். ஒக்டோபர் பக்கம் விதைத்து பெப்ரவரி, மார்ச்சில் வெட்டுகிறோம். '2022/23' என்று போடாமல் '2022' என்று மட்டும் போட்டால் விதைத்த ஆண்டா வெட்டிய ஆண்டா என்று தெரியாது.

கணக்குப்பிள்ளை:
கேட்டுப் பெற வழி இருக்கு. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம். 8 ஆம் பிரிவின்படி அமைச்சர்கள் ஆண்டுக்கு இரு தடவை, யூன் 30 க்கும் டிசெம்பர் 31 க்கும் முன்னர், அறிக்கை வெளியிட வேணும். 9 ஆம் பிரிவின்படி உள்நாட்டு நிதியில் 500,000 ரூபாவுக்கு மேற்பட்ட கருத்திட்டம் என்றால், தொடங்க மூன்று மாதத்துக்கு முன்னரே மக்களுக்கு அறிவிக்க வேணும்.

வெளிவராவிட்டால் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. 'அறிக்கை தருக' என்று எழுதினால் ஸ்கான்தான் வரும். 'இன்ன ஆண்டுச் செயலாற்றுகை அறிக்கையின் 3 ஆம் அத்தியாய அட்டவணைகள், எக்செல் வடிவில், மின்னஞ்சல் மூலம்' என்று எழுதுங்கள். 14 வேலை நாளில் முடிவு சொல்ல வேணும். மறுத்தால் 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதுவும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

செம்பாட்டான்:
நல்ல வழி. ஆனால் நெடுந்தீவில இருக்கிற வயசான ஒரு ஆளுக்கு எக்செல் அனுப்பி என்ன பயன்? நான் கேட்பது வழவழப்புத் தாள் இல்லை. ஏ4 அளவு, கறுப்பு வெள்ளை, 16 பக்கம். படம் ஒண்டும் வேண்டாம். வேலையின் பெயர், பிரிவு இலக்கம், எந்த நிதி, ஆரம்ப ஒதுக்கீடு, இறுதி ஒதுக்கீடு, உண்மைச் செலவு, தொடங்கிய திகதி, முடிந்த திகதி. எட்டு நிரல். 435 கிராம அலுவலர் அலுவலகத்துக்கும் ஒவ்வொரு பிரதி, நூலகங்களுக்கு இரண்டிரண்டு.

வழுக்கையாறு:
எட்டு நிரலுக்குச் சம்மதம். அதே அட்டவணை அதே நாளில் ஒருங்குறியில் இணையத்திலும் ஏற வேணும், பழைய ஆண்டுகளை அழிக்கக் கூடாது. ஆனால் 435 பிரதியை நான் இன்னும் ஏற்கவில்லை. அலுவலகச் சுவரில் அந்தப் பிரிவின் பக்கத்தை மட்டும் ஒட்டினால் காணாதா?

செம்பாட்டான்:
காணாது அண்ணை. தன்ர பிரிவை மட்டும் பார்க்கிறவருக்குப் பக்கத்துப் பிரிவுக்கு என்ன போனது எண்டு தெரியாது. கேள்வி வாறதே அங்கேதான்.